நாய்க்குத்தானே

எங்கள் மந்தைவெளி அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் இருக்கும் விசுவநாதன் நல்ல மனிதர். லிஃப்ட் நின்றுபோனால் என் காய்கறிப் பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வருவார். அதனால்தான் போன வாரம் அவரிடம் நான் கத்தியது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. கொஞ்சம்தான்.

அவர் கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட் இருந்தது. ஓரமெல்லாம் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது.

"ஊருக்குப் போனதுல இது இருக்கிறதையே மறந்துட்டோம் டாக்டர். தூக்கிப் போட மனசு வரலை. நீங்க கீழே நாய்ங்களுக்குச் சோறு வைப்பீங்களே, அதோட சேர்த்து வச்சிடுங்க. நாய்க்குத்தானே."

"இதை நீங்க சாப்பிடுவீங்களா சார்?"

"ஐயோ, நான் எப்படி டாக்டர்?"

"அப்ப நாய் மட்டும் எப்படி?"

"அதுங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. கல்லைத் தின்னாலும் செரிச்சிடும்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடிப்படி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். அவர் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். 

வேலையை விட்டு, ஸ்டெதஸ்கோப்பை அலமாரிக்குள் வைத்தாகிவிட்டது. ஆனாலும் 'நாய்க்குத்தானே' என்ற வார்த்தை காதில் விழுந்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அடையாறில் என்னோடு வேலை பார்த்த இளம் டாக்டர்கள், "மேடம், உங்க பழைய கேஸ் ஏதாவது எழுதிக் குடுங்க" என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அழகான கேஸ், பிழைத்துப்போன கேஸ் எல்லாம் அவர்களே நிறையப் பார்த்திருப்பார்கள். நான் எழுதுவது இதைத்தான்.

கால்நடை மருத்துவம் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாடு, ஆடு, கோழி என்று பாடம் நடக்கும். நாய் வருவதற்குள் பரீட்சை வந்துவிடும். பூசண நஞ்சைப் பற்றி ஒரு வகுப்பு நடந்தது நினைவிருக்கிறது. நிலக்கடலை, மக்காச்சோளம் போன்ற தானியங்கள் ஈரம் பட்டுப் பூசணம் பிடித்தால் அதில் அஃப்ளடாக்சின் என்றொரு நஞ்சு ஊறும். அது நேராகக் கல்லீரலைத் தாக்கும் என்றார்கள். அதுவும் கோழிப்பண்ணைப் பாடமாகத்தான் வந்தது. கோழித் தீவனத்தைச் சோதித்துப் பார்க்க ஆய்வகங்கள் உண்டு. கோழி செத்தால் பண்ணைக்காரருக்கு நஷ்டம். நாய் செத்தால் வீட்டில் ஒரு வாரம் அழுவார்கள், அவ்வளவுதான் என்பது போல அந்த வகுப்பில் நாயைப் பற்றிப் பேச்சே இல்லை.

பிறகு மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குப் பின்புறத் தெருவில் இருந்த ஒரு தனியார் நாய் மருத்துவமனையில் சேர்ந்தேன். அதை நடத்தியவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாயைக் கொண்டுவந்தவர்களிடம், "வாங்கோ, உட்காருங்கோ, குழந்தைக்கு என்ன?" என்பார். நாயைத்தான் குழந்தை என்பார். கிழக்குப் பக்கம் ஜன்னலை ஒட்டி மேசை. நாயை மேசையில் ஏற்றியதும் முதலில் போய் டியூப் லைட்டை அணைப்பார்.

"டியூப் லைட் வெளிச்சத்துல மஞ்சள் தெரியாதும்மா. வெயில்ல பார்த்தாத்தான் தெரியும்."

பெருவிரலால் மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பார்ப்பார். அழுத்திவிட்டு விடுவார், வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று கவனிப்பார். பிறகு கண் வெள்ளை, காது மடலின் உள்பக்கம், கடைசியாக அடிவயிற்றுத் தோல். இந்த வரிசை மாறவே மாறாது. எல்லாம் முடிந்து கையைக் கழுவி, விரல் விரலாகத் துடைத்த பிறகுதான் வாயைத் திறப்பார். நிலைமை மோசமாக இருந்தால், "கொஞ்சம் சிரமம்தான்" என்பார். அதற்கு மேல் சொல்லமாட்டார். நாயைப் பார்க்கிற விஷயத்தில் அவரிடம் நான் ஒரு குறைகூடச் சொல்ல முடியாது. குறையெல்லாம் மனிதர்கள் சம்பந்தப்பட்ட இடத்தில்தான்.

ஒரு ஐப்பசி மழையில் மஞ்சள் நாய்கள் வர ஆரம்பித்தன. மயிலாப்பூரிலிருந்து ஒன்று, தியாகராய நகரிலிருந்து இரண்டு, மறுபடி மயிலாப்பூரிலிருந்து ஒன்று. சாப்பிடாது, வாந்தி எடுக்கும், மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஈறும் கண்ணும் மஞ்சள்பொடி தடவியது போல இருக்கும். மழைக்காலம், தெருவெல்லாம் தண்ணீர், தண்ணீரில் எலி மூத்திரம். எலிக்காய்ச்சல் என்று பெரிய டாக்டர் சொன்னார். அதற்கான மருந்தைக் கொடுத்தோம். நாய்கள் செத்துக்கொண்டே இருந்தன.

எனக்கு அது எலிக்காய்ச்சலாகப் படவில்லை. வந்தவற்றில் பாதி நாய்கள் அதற்குத் தடுப்பூசி போட்டவை, மொட்டை மாடியைத் தாண்டாதவை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நொச்சிக்குப்பத்துக்குப் போய் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவது வழக்கம். அங்கே தேங்கிய தண்ணீரும் எலியும் மயிலாப்பூரைவிட அதிகம். ஆனால் மீன் விற்கிற பலகைகளுக்கு அடியில் படுத்திருந்த நாய்களில் ஒன்றுக்குக்கூட மஞ்சள் இல்லை. அவை மீன் தலையைத் தின்றுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

அப்புறம்தான் வருகிற ஒவ்வொருவரிடமும், நாய் என்ன சாப்பிடுகிறது என்று குடைய ஆரம்பித்தேன். எல்லோரும் முதலில் பெருமையாக ஒரே பதில்தான் சொல்வார்கள்: "நாங்க சாப்பிடறதுதான் டாக்டர்." அது எப்போதும் பொய். நாம் சாப்பிடுவதற்கும் நாய் சாப்பிடுவதற்கும் நடுவில் ஒரு சலிப்பு நடக்கிறது. தீய்ந்தது, புளித்தது, வண்டு விழுந்தது, வாடை வந்தது எல்லாம் அந்தச் சலிப்பில் நாயின் பக்கம் விழும். இரண்டாவது முறை கேட்டால்தான் உண்மை வரும். அப்படிக் கேட்டதில் வீட்டுக்கு வீடு ஒரே பெயர் வந்தது. கடையில் விற்கிற நாய்ச் சத்துமாவு. கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்களாம்.

"எந்தக் கடைன்னு கேட்டுடலாமா சார்?" என்றேன் பெரிய டாக்டரிடம்.

அவர் துண்டால் விரல்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கடை பேரெல்லாம் நாம கேக்கப்படாதும்மா. நாளைக்கு இல்லேன்னு ஆயிடுத்துன்னா ஒரு மனுஷனோட வியாபாரம் போயிடும். நம்ம வேலை வைத்தியம். கடை கடையாப் போய்ப் பார்க்கறது நம்ம வேலை இல்லே."

"அதுக்குள்ள இன்னும் நாய் சாகுமே சார்."

"கொஞ்சம் சிரமம்தான்" என்றார். நாய்க்குச் சொல்கிற அதே தொனியில் எனக்கும் சொன்னார். அன்றைக்கு மேசையிலிருந்த பஞ்சு டப்பாவை எடுத்துச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

கடையை நான் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அதுவே வந்தது. தியாகராய நகரில் மளிகைக் கடையும், அதன் பின்னால் கடலை மிட்டாய் போடுகிற கூடமும் வைத்திருந்தவர் ஓர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பழுப்பு நிறத்தில் பெரிய நாய் ஒன்றைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார். நாயின் பெயர் சீனி. ஜன்னலோரம் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு மஞ்சள் மட்டுமல்ல, அதில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். தோலுக்கு அடியில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது.

"என்ன சாப்பாடு போடுறீங்க அண்ணாச்சி?"

"நம்ம கடைச் சத்துமாவுதாம்மா. வெளியில வாங்கி எதுவும் போடுதது இல்ல. சோளம், குருணை, கடலை எல்லாம் போட்டு வறுத்து நாங்களே அரைக்கோம். ஊருக்கெல்லாம் குடுக்கோம், நம்ம பிள்ளைக்குக் குடுக்காம இருப்போமா?"

"கடலை எந்தக் கடலை?"

அவர் ஒளிக்கவே இல்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தெரியவில்லை. "மிட்டாய்க்குக் கடலை பொறுக்குவாங்கல்லா, முறத்துல போட்டு? அதுல சுருங்கினது, கறுத்தது, முளை விட்டது எல்லாத்தையும் தனி டின்னுல போட்டு வைப்போம். மழையில குடோன் சுவரு ஓதம் அடிச்சு, இந்தத் தடவை கொஞ்சம் கூடவே சேந்துபோச்சு. அதை வறுத்து மாவுல சேத்துருவோம். மனுசங்களுக்குத்தான் ஆவாது. நாய்க்குத்தானேம்மா."

 நல்ல கடலையோடு கெட்ட கடலை கலந்திருந்தால் நஞ்சும் பரவலாகக் கலந்து நீர்த்துப் போயிருக்கும். இங்கே நாலு பெண்கள் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, கெட்டதை மட்டும் பொறுக்கி ஒரே டின்னில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு மூட்டைக் கடலையின் நஞ்சு முழுவதும் அந்த டின்னுக்கு வந்துவிட்டது. மிட்டாய் சுத்தமாக இருக்க இருக்க, நாய் மாவு விஷமாகிக்கொண்டே போயிருக்கிறது.

அதைச் சொன்னேன். 

"வறுத்துத்தானம்மா அரைக்கோம். அப்புறம் கொதிக்க வச்சுத்தானே குடுக்கோம்?"

"பூசணம் செத்துடும் அண்ணாச்சி. அது விட்டுட்டுப் போன விஷம் வறுத்தாலும் போகாது, கொதிக்க வச்சாலும் போகாது."

அவர் உடனே போனை எடுத்துக் கடைக்குப் பேசினார். "நாய் மாவு ஒரு பாக்கெட்டுகூட விக்கக்கூடாது. இருக்கிறதை எல்லாம் எடுத்துப் பின்னால வையி" என்றார். நான் கேட்கும் முன்னால் அவராகவே செய்தார். இதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. இளம் டாக்டர்கள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை, அந்தச் சாப்பாட்டை நிறுத்துவது. பிறகு கல்லீரல் தானே தேறி வர அவகாசம் வாங்கிக் கொடுப்பது. அதுதான் வைத்தியம். நரம்பில் குளுக்கோஸ் கலந்த திரவம் ஏற்றினோம். ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே. வயிற்றுப் புண்ணுக்கு ஒன்று, கல்லீரலுக்கு ஒன்று. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து நான் அழுத்திக்கொண்டே நின்றேன்; கையை எடுத்தால் கசிந்தது. பெரிய டாக்டர் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, உள்ளங்கைச் சூட்டில் மூடி வைத்துக்கொண்டார். நடுநடுவே கையைத் திறந்து சாய்த்துப் பார்த்தார். உறைய வேண்டிய ரத்தம் தண்ணீர் போல ஓடியது. மூன்றாம் முறை சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேற நாயோட ரத்தம் வேணும்மா. ஆத்து நாயெல்லாம் வேண்டாம். எது எந்த மாவைத் தின்னுண்டு இருக்கோ, யார் கண்டா?"

எனக்கு உடனே அஞ்சலைதான் ஞாபகத்துக்கு வந்தாள். நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்பவள். அவளுடைய டைகருக்குப் போன மாதம்தான் ஊசி போட்டிருந்தேன். கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். அண்ணாச்சி ஆட்டோவில் போய், அவளையும் டைகரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி முழுக்க மீன் வாடை அடித்தது.

"இன்னா டாக்டரம்மா, எந்நாயி ரத்தம் இந்த வூட்டு நாய்க்கு சேருமா?"

"மொத தடவைன்னா பெரும்பாலும் சேரும் அஞ்சலை."

"அப்ப எடு." டைகரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "டேய், ஆடாத. சும்மா குந்திக்கினு இரு. பெரிய வூட்டு நாய்க்கு சொந்தக்காரனாவப் போற."

கழுத்து நரம்பில் எடுத்தேன். டைகர் அசையவே இல்லை. பை நிரம்பிக்கொண்டிருந்தபோது, "இது இன்னாத்த துன்னுச்சி?" என்று கேட்டாள்.

"கெட்டுப்போன கடலை."

"எவன் போட்டான்?"

 "நாந்தாம்மா" என்றார் அண்ணாச்சி. அஞ்சலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் வேட்டியெல்லாம் நாயின் வாந்தி.

"சரி, உடு. தெரியாமதான பண்ண" என்றாள்.

ரத்தம் ஏற்றியதும் சீனி கொஞ்சம் தெளிந்தது. சாயந்திரம் அண்ணாச்சியின் ஸ்கூட்டர் சத்தம் வாசலில் கேட்டபோது வாலை ஒரே ஒரு தரம் தரையில் தட்டியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொழைச்சுக்கிடும்லா?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலையில் மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. பிறகு எழுந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு அப்படியே நின்றது. கல்லீரல் வடிகட்ட முடியாமல் விட்ட கழிவு மூளைக்கு ஏறிவிட்டால் அப்படித்தான் நிற்கும். அண்ணாச்சி கூப்பிட்டார், அதற்கு அவரை அடையாளம் தெரியவில்லை. மதியத்துக்குள் முடிந்துபோனது. அவர் சத்தம் போட்டு அழவில்லை. "கையால ஊட்டுனேனம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போர்வையில் சுற்றிக் கொடுக்கும்போதுதான் சும்மா கேட்டேன்: "மிச்ச மாவை என்ன பண்ணீங்க அண்ணாச்சி?"

"அதான் நேத்தே எடுத்தாச்சே. நிறையப் பாக்கெட்டு. சாப்பாட்டுச் சாமான், குப்பையில கொட்ட மனசு வரலம்மா. மயிலாப்பூர்ல மாடு வச்சிருக்காருல்லா, பால் ஊத்துதவரு, அவருகிட்டக் குடுத்துட்டேன். நாய்க்குத்தான ஆவல. மாட்டுக்கு ஆவும்லா?"

 "மாடு தின்னா அந்த விஷம் பால்ல வரும் அண்ணாச்சி."

அதுவரை ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்த பெரிய டாக்டர் திரும்பினார். கையைத் துடைக்கவே இல்லை.

"எந்தப் பால்காரர்? குளத்துக்கு மேல்பக்கம் இருக்கிறவரா?"

"அவருதான் சார்."

"எங்காத்துக்கு அவர்தானே பால் விடறார்? என் பேத்திக்கு அந்தப் பால்தான்" என்றார்.

அவர் குரல் உயர்ந்ததை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கேட்டேன். ஈரக் கையோடு போனை எடுத்தார். முதலில் வீட்டுக்கு, பிறகு பால்காரருக்கு, பிறகு அவர் பால் ஊற்றுகிற வீடுகளுக்கு ஒவ்வொன்றாக. எந்தக் கடை என்று யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். கடையின் பெயர், தெருவின் பெயர், அண்ணாச்சியின் பெயர் எல்லாவற்றையும் பளிச்சென்று சொன்னார். ஒரு மனிதனின் வியாபாரம் போய்விடுமே என்ற கவலை அந்தப் போனில் எங்கேயும் இல்லை. அண்ணாச்சி செத்த நாயைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டபடி நின்றார். பிறகு சீனியை ஆட்டோவில் வைத்துக்கொண்டே பால்காரர் வீட்டுக்குப் போய், மிச்சமிருந்த பாக்கெட்டுகளைத் திரும்ப வாங்கி வந்தார்.

பால் வாங்குகிற வீடுகளுக்கெல்லாம் சொல்லி முடித்ததும், பெரிய டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல காலம்மா, தெரிஞ்சுது" என்றார்.

"மாவு வாங்கின நாய் வீடுகளுக்கு?" என்றேன்.

"நாளைக்குச் சொல்லிக்கலாமே" என்றார்.

அத்தனை நாய்கள் அந்த மேசையில் செத்தபோது வராத அவசரம், ஒரு டம்ளர் பாலுக்கு வந்தது. பேத்திக்காக வந்திருக்க வேண்டாமா என்று கேட்காதீர்கள். வந்திருக்கத்தான் வேண்டும். அது பத்து நாள் முன்னால் வந்திருந்தால் சீனிக்கும் வந்திருக்கும் என்பதுதான் என் கோபம். நாயைக் குழந்தை என்று கூப்பிட்ட மனிதர் அவர். அந்த வார்த்தைக்கு ஒரு பொருளும் இல்லை என்று அன்று தெரிந்துபோனது.

அன்றைக்கே நான் உட்கார்ந்து மாவு வாங்கிய வீடுகளுக்குப் பேசினேன். பலர் பதறிப் போனார்கள். இரண்டு நாய்களைச் சரியான நேரத்தில் கொண்டுவந்ததால் காப்பாற்ற முடிந்தது. ஒரு அம்மாள் மட்டும், "இப்பத்தான் புதுப் பாக்கெட் பிரிச்சோம் டாக்டர், முடியட்டும், அப்புறம் நிறுத்திடறேன்" என்றார். அவர்கள் வீட்டு நாய் என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. கோழித் தீவனம் சோதிக்கிற ஆய்வகம் ஒன்றைக் கெஞ்சி, மாவைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நஞ்சு உண்டு என்று பதில் வந்தபோது சீனியைப் புதைத்த மண் காய்ந்திருந்தது. அண்ணாச்சி அதற்கப்புறம் நாய் மாவு அரைக்கவில்லை. பொறுக்கிய கடலையைப் பின்கட்டில் குழி தோண்டிப் புதைக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த வருஷமே அங்கிருந்து விலகிவிட்டேன். பிறகு அடையாறில் வேலை பார்த்த காலமெல்லாம் மேசைக்கு வருகிற ஒவ்வொரு நாய்க்கும் டியூப் லைட்டை அணைத்தேன். அது பெரிய டாக்டரிடம் கற்றது. கடை எது என்று கேட்டேன். அது அவர் வேண்டாம் என்றது. இன்றைக்கு மருத்துவமனை வரவேற்பறையிலேயே தீவன மூட்டையைத் திறந்து வைத்து, இந்தக் கடற்கரை ஊரின் ஈரக் காற்றில், கிலோ கணக்கில் அள்ளி விற்கிறார்கள். திறந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டால், ஒயர் கூடையில் பூனையோடு உட்கார்ந்திருப்பவர் முதல் கவுண்டரில் இருக்கும் பெண் வரை என்னைப் பைத்தியக்காரி போலப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். இன்று காலையில் விசுவநாதன் வந்தார். சமாதானத்துக்காக அவர் மனைவி ஒரு ஃபிளாஸ்க்கில் காபி கொடுத்து அனுப்பியிருந்தார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்லி, இரண்டு டம்ளரில் ஊற்றினேன். காபி பிரமாதமாக இருந்தது.

"அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான் டாக்டர். யோசிச்சுப் பார்த்தேன். நாய்க்குப் போடலை" என்றார்.

"ரொம்ப சந்தோஷம் சார். குப்பையில போட்டுட்டீங்கல்ல?"

"சேச்சே, சாப்பாட்டைப் போய் யாராவது குப்பையில போடுவாங்களா? அன்னையிலேருந்து மிச்சம் மீதி எதையும் வீணாக்கறதில்லை. தெருமுனையில கட்டியிருக்கிற மாட்டுக்குக் குடுத்துடறேன். நேத்துக்கூட வேர்க்கடலை ஒரு டப்பா கெட்டுப் போயிருந்தது. என்ன ஆசையா சாப்பிட்டுது தெரியுமா?"

"யாரோட மாடு சார் அது?"

"நம்ம பால்காரரோடதுதான். அதான் காபி இப்படி இருக்கு. கறந்த பால் டாக்டர்."

நான் பாதி குடித்திருந்தேன்.